அத்தியாயம் 9: தேய்ந்த செயின்சாவுக்கு உடன்பிறந்த மாடலின் எஞ்சின்

ஹைதராபாத்தின் சைனிக்புரியில் கோடை மழைக்கு முன் எழும் காற்று மரங்களைச் சும்மா விடாது. முப்படைகளிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்காக உருவான குடியிருப்பு இது. பழைய வீடுகளைச் சுற்றி இடமும் உண்டு, வயதான மரங்களும் உண்டு. தூங்குமூஞ்சிக் கிளையோ குல்மொஹர் கிளையோ மதில்மேல் விழுந்து கிடக்கும் காலையில் கொட்டகையிலுள்ள சிறிய செயின்சாவை எடுத்து இழுத்தால், கயிறு கனமே இல்லாமல் வருகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. கடையில் காட்டினால், “பிளாக் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லிவிடுவார்கள்.

பல சமயம் புதிது தேவைப்படாது. அதே குடும்பத்து இன்னொரு மாடல், பிளாஸ்டிக் உடல் உடைந்தோ ஆயில் பம்ப் கெட்டோ ஓரமாகக் கிடப்பது, கிடைத்தால் போதும். ஓடாத இரண்டிலிருந்து ஓடுகிற ஒன்றை உண்டாக்குவது, பக்கத்துத் திருமலகிரியில் உள்ள ராணுவ மின்னணு, இயந்திரப் பொறியியல் (இ.எம்.இ.) கல்லூரியில் பயின்றவர்களுக்குப் பழகிய வேலை. மற்றவர்களும் பொறுமையாகக் கற்றுக்கொள்ளக் கூடியதுதான்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் நிறுத்துங்கள். உதிரி பொருந்துவது பாதி வேலை. பழைய எஞ்சின் எதனால் கெட்டதோ அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து நீக்குவது மறுபாதி. அதை விட்டவர், மாற்றிப் போட்ட நல்ல சிலிண்டரையும் சீக்கிரமே இழப்பார்.

எஞ்சின் எதனால் கெட்டது?

முதலில் கம்ப்ரஷனைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்திக்கொண்டு, முள் ஏறுவது நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். 120 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்தால் எஞ்சின் நலம். கோளாறு வேறெங்கோ இருக்கிறது. 90-க்குக் கீழே இருந்தால் பிஸ்டனோ ரிங்கோ சிலிண்டரோ போய்விட்டது. கேஜ் இல்லாதவர்கள் பிளக்கைப் பூட்டியபடியே, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். நல்ல எஞ்சின் விட்டு விட்டு, படிப்படியாக இறங்கும். தேய்ந்த எஞ்சின் ஒரே போக்கில் சரிந்துவிடும்.

அடுத்து சைலன்சரைக் கழற்றுங்கள். புகை வெளியேறும் துவாரம் வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனின் ஒரு பக்கம் தெரியும். எதிர்ப்பக்கத்தைப் பார்க்கக் கார்புரேட்டரையும் கழற்ற வேண்டும். பிஸ்டனிலுள்ள கீறல்கள் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

• கீறல் சைலன்சர் பக்கம் மட்டும் இருந்து, பிஸ்டன் உலர்ந்திருந்தால்: ஆயில் கலக்காத அல்லது குறைவாகக் கலந்த பெட்ரோல், அல்லது பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று. விறைத்த பெட்ரோல் டியூப், கிழிந்த இன்டேக் ரப்பர், தேய்ந்த ஆயில் சீல், கார்புரேட்டரில் கெட்டிப்பட்ட சவ்வு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

• கார்புரேட்டர் பக்கம் மங்கி, மணலால் தேய்த்தது போலிருந்தால்: ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. ஃபில்டர் ஓட்டையா, சரியாக உட்காரவில்லையா என்று பாருங்கள்.

• சுற்றிலும் கீறல் இருந்தால்: அளவுக்கு மீறிய சூடு. சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையில் மரத்தூள் அடைத்திருக்கும்.

• பிஸ்டன் தலையில் குத்துக் காயங்கள் இருந்தால்: ரிங்கோ பின் லாக்கோ பேரிங்கோ உடைந்து உள்ளே சுற்றியிருக்கிறது. கிராங்கையும் நம்ப முடியாது.

கண்டதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பூட்டி முடிக்கும்போது அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு காரணமும் தீர்ந்திருக்க வேண்டும்.

போர் பண்ண முடியாது

யமஹா ஆர்.எக்ஸ். 100 சிலிண்டர் தேய்ந்தால் லேத் பட்டறையில் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். அந்த சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் இருப்பதால் அது முடிகிறது. செயின்சா சிலிண்டர் அலுமினியம். உட்சுவரில் நிக்கல்-சிலிக்கான் கார்பைடோ குரோமோ மெல்லிய பூச்சாக இருக்கும். லேத்தில் ஏற்றினால் அந்தப் பூச்சு போய்விடும். குஷாய்குடாவிலும் சர்லபள்ளியிலும் திறமையான லேத் பட்டறைகள் இருக்கின்றன; ஆனாலும் இந்த வேலையை அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

சில சமயம் பூச்சு நன்றாகவே இருக்கும். பிஸ்டனின் அலுமினியம்தான் உருகி அதன்மேல் ஒட்டியிருக்கும். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஒட்டிய கோட்டின்மேல் மட்டும் தடவுங்கள். அலுமினியம் பொங்கிக் கரையும், நிக்கல் பூச்சு எளிதில் கரையாது. குரோம் பூச்சாக இருந்தால் ஆசிட் வேண்டாம்; அது கரைந்துவிடும். பொங்குவது நின்றதும் தண்ணீரில் கழுவி, சமையல் சோடா கரைசலால் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். துவார ஓரங்களில் ஆசிட் படக் கூடாது; அங்கே அலுமினியம் வெறுமையாக இருக்கும். கழுவிய பின் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தாலோ பூச்சு உரிந்திருந்தாலோ அந்த சிலிண்டர் உதவாது.

எது உடன்பிறந்த மாடல்?

ஒரே கிராங்க்கேஸ் அமைப்பில், துளை அளவை மட்டும் மாற்றி இரண்டு மூன்று மாடல்களை விற்பது செயின்சா நிறுவனங்களின் வழக்கம். இந்தியாவில் அதிகம் புழங்கும் உதாரணம் ஸ்டில் எம்.எஸ். 170-உம் எம்.எஸ். 180-உம். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 28 மி.மீ. துளை 170-க்கு 37 மி.மீ., 180-க்கு 38 மி.மீ. அதனால் கொள்ளளவு 30.1 சி.சி.யும் 31.8 சி.சி.யும் ஆகிறது. இரண்டின் உதிரி எண்களும் 1130 என்றே தொடங்கும். ஆகவே 170-இன் உடலுக்குள் 180-இன் எஞ்சின் உட்காரும். அதே நிறுவனத்தின் எம்.எஸ். 290, 310, 390 மூன்றும் இப்படிப்பட்ட இன்னொரு குடும்பம்: ஸ்ட்ரோக் 34 மி.மீ.; துளை 46, 47, 49 மி.மீ.

பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வெர்னியரால் இவற்றை அளந்து ஒப்பிடுங்கள்:

1. சிலிண்டர் துளையின் விட்டம்.
2. ஸ்ட்ரோக்: பிஸ்டன் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே போகும் தூரம்.
3. பிஸ்டன் பின்னின் விட்டம். எம்.எஸ். 180 என்ற ஒரே பெயரில் 8 மி.மீ. பின்னும் உண்டு, 10 மி.மீ. பின்னும் உண்டு. உங்கள் கன்ராடின் சின்னக் கண் எந்த அளவோ அதற்கான பிஸ்டன்தான் வேண்டும்.
4. பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலைவரை உள்ள உயரம். இது 1 மி.மீ. கூடினால் பிஸ்டன் சிலிண்டர் கூரையில் இடிக்கும்.
5. கார்புரேட்டர் பக்கத்து, சைலன்சர் பக்கத்து போல்ட் துளைகளின் இடைவெளி. இரண்டு சிலிண்டர்களையும் அருகருகே வைத்துத் துவாரங்களின் வடிவத்தைப் பாருங்கள். பழைய வகை எஞ்சினும் ‘2-மிக்ஸ்’ என்று வரும் புதிய வகையும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகும் என்று எண்ணக் கூடாது.
6. இம்பல்ஸ் வழி. கிராங்க்கேஸின் அழுத்த அலைதான் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோல் பம்பை இயக்குகிறது. அந்தச் சிறு துளை பேக்கிங்கால் மூடப்பட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி உடனே அணையும்.

சீன மாடல்களான 4500, 5200, 5800 ஆகியவற்றிலும் பல உதிரிகள் பொது. சிலிண்டர் துளை முறையே 43, 45, 45.2 மி.மீ. என்று கடைகளில் கிடைக்கும். ஸ்டிக்கரில் எழுதிய சி.சி.யை நம்பாமல் கணக்குப் போடுங்கள்: விட்டம் × விட்டம் × 0.785 × ஸ்ட்ரோக், அதை 1000-ஆல் வகுக்க வேண்டும். 45.2 மி.மீ. துளையில் 58 சி.சி. வர ஸ்ட்ரோக் 36 மி.மீ. இருக்க வேண்டும். உங்களுடையது அவ்வளவு இருக்கிறதா என்று அளந்த பிறகே கிராங்க் வாங்குங்கள்.

எங்கே தேடுவது, எதை எடுப்பது

செகந்திராபாத் ராணிகஞ்சில் பம்ப், எஞ்சின், விவசாய மிஷின் உதிரிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ‘பிளாக்-பிஸ்டன் செட்’ என்று கேளுங்கள். பழைய பிஸ்டனையும் பின்னையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பழைய மிஷின் முழுதாகக் கிடைத்தால் மூன்றில் ஒரு வழி:

• அதன் அடிப்பாகமும் நலமாக இருந்தால், முழு எஞ்சினையும் பிரிக்காமல் உங்கள் உடலுக்கு மாற்றுங்கள். பாதுகாப்பான வழி இதுவே.
• உங்கள் கிராங்க் நலமாகவும் சிலிண்டர் மட்டும் கெட்டும் இருந்தால், சிலிண்டரையும் பிஸ்டனையும் ஜோடியாக எடுங்கள். ஓடிப் பழகிய ஜோடியைப் பிரிக்காதீர்கள்.
• உங்கள் சிலிண்டரே நன்றாக இருந்தால் ரிங் மட்டும் போதும். ரிங்கின் தடிமன் 1.2 மி.மீ.யா 1.5 மி.மீ.யா என்று பார்த்து வாங்குங்கள்.

கிராங்கைச் சோதிக்க கன்ராடை மேலும் கீழும் இழுங்கள். அந்தத் திசையில் ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. விரலால் சுழற்றும்போது பேரிங் கரகரத்தால் மாற்றுங்கள்.

பிரிப்பது

டி27 டார்க்ஸ் சாவி, பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ், வெர்னியர், ஒரு நைலான் கயிறு இருந்தால் தொடங்கலாம். ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள். திருகுகளை எடுத்த வரிசையில் அட்டையில் குத்தி வையுங்கள்.

1. டேங்கைக் காலி செய்து, பாரையும் செயினையும் கழற்றி, மிஷினைத் துடையுங்கள். வெளியிலுள்ள தூள் உள்ளே போகக் கூடாது.
2. பிளக் துளை வழியாகக் கயிற்றைச் செலுத்தி பிஸ்டனை நிறுத்துங்கள். பிஸ்டன் மேலேறும் போக்கில், சைலன்சர் துவாரத்தை அடைத்த பிறகு செலுத்துங்கள். இல்லாவிட்டால் கயிறு துவாரத்தில் நசுங்கும்.
3. கிளட்ச் இடம்புரி மரை உடையது. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.
4. ஃபிளைவீல் நட்டைக் கிராங்க் முனைக்குச் சமமாகத் தளர்த்தி நிறுத்தி, அதன்மேல் மென்மையாகத் தட்டுங்கள். கிராங்க் முனையில் நேராகச் சுத்தியல் படக் கூடாது.
5. எம்.எஸ். 170, 180-இல் கிராங்க்கேஸின் மேல்பாதி சிலிண்டரோடு ஒரே வார்ப்பாக இருக்கும். கீழ்பாதி தனித் தட்டு. அடியிலுள்ள நான்கு திருகுகளைக் கழற்றினால் எஞ்சின் வெளியே வரும். தட்டைப் பிரித்தால் கிராங்கும் பிஸ்டனும் சேர்ந்து வரும்.

பூட்டுவது

இரண்டு பாதிகளின் சேரும் முகத்தையும் பழைய சீலன்ட் துளியும் இல்லாமல் துடையுங்கள். உலோகத்தால் சுரண்டினால் கீறல் வழியே காற்று நுழையும். பிளாஸ்டிக் துண்டு போதும். ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் தள்ளி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். 38 மி.மீ. துளைக்கு 0.15 முதல் 0.3 மி.மீ. வரை நல்லது.

பிஸ்டன் தலையிலுள்ள அம்பு சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் முனைகள் பள்ளத்திலுள்ள சிறு ஊசியின் இருபுறமும் உட்கார வேண்டும். பின் லாக்குகளைப் புதிதாகவே போடுங்கள். கழற்றிய லாக் தன் விறைப்பை இழந்திருக்கும். ஓடும்போது அது விடுபட்டால் புதிய சிலிண்டர் ஒரே நொடியில் போய்விடும். இரு பக்க ஆயில் சீல்களும் புதிதாக இருக்கட்டும். சிலிண்டர், பிஸ்டன், சின்னக் கண் பேரிங் எல்லாவற்றிலும் 2டி ஆயில் தடவுங்கள்.

சீலன்ட் பூசும் முன் ஒருமுறை வெறுமனே பூட்டி, பிஸ்டன் தலைக்கும் சிலிண்டர் கூரைக்கும் இடையிலுள்ள மேல் இடைவெளியை அளக்க வேண்டும். உருகு ஈயக் கம்பியைப் பிளக் துளை வழியாக, பின் கிடக்கும் திசையில் சிலிண்டர் சுவர்வரை நீட்டி, ஃபிளைவீலைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய முனை 0.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் அளவு தவறிய பிஸ்டனை வாங்கியிருக்கிறீர்கள். இந்தச் சோதனை சில நிமிட வேலை, எஞ்சினையே காப்பாற்றும்.

பிறகு பெட்ரோல் தாங்கும் எஞ்சின் சீலன்டை மெல்லிய கோடாகப் பூசி, நான்கு திருகுகளையும் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். குளியலறைக்குப் பூசும் சிலிக்கான் பெட்ரோலில் இளகிவிடும். காயில் கட்டைக்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் இடையே 0.2 முதல் 0.3 மி.மீ. விடுங்கள்.

கசிவுச் சோதனை

பெரும்பாலோர் தவிர்க்கும் இந்தக் கட்டமே புதிய எஞ்சினின் ஆயுளை நிர்ணயிக்கிறது. சைலன்சர் துவாரத்தை டயர் டியூப் துண்டு வைத்து அடையுங்கள். பிளக்கைப் பூட்டி, பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவாருங்கள். இன்டேக் பக்கத்தையும் ரப்பரால் அடைத்து அதில் ஒரு சிறு குழாயைச் செருகுங்கள். வீட்டிலுள்ள கடிகார முள் வகை ரத்த அழுத்தமானியின் பல்பும் கேஜும் இங்கே உதவும். அதில் 300 என்பது ஏறத்தாழ 0.4 பார். 250 வரை ஏற்றி அரை நிமிடம் பாருங்கள். முள் இறங்கக் கூடாது. இறங்கினால் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி எழும் இடம்தான் கசிவு.

அழுத்தச் சோதனை மட்டும் போதாது. ஆயில் சீலின் உதடு உள்நோக்கி இருப்பதால் அழுத்தம் அதை இறுக்கிவிடும். உறிஞ்சும்போதுதான் அதன் தேய்மானம் வெளிப்படும். கார் மெக்கானிக்குகள் பிரேக் ஆயிலில் காற்று எடுக்கப் பயன்படுத்தும் கை வேக்யூம் பம்பால் 0.4 பார் உறிஞ்சி, கிராங்கை மெதுவாகச் சுற்றியபடி அதே அரை நிமிடம் பாருங்கள்.

பெட்ரோலும் கார்புரேட்டரும்

180-இன் கொள்ளளவு 170-ஐவிட ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். பல எம்.எஸ். 170 கார்புரேட்டர்களில் ஐடில் திருகு மட்டும்தான் இருக்கும். அதிவேக ஜெட் மாறாத அளவு. அதையே பெரிய சிலிண்டருக்குப் பொருத்தினால் பெட்ரோல் போதாமல் சூடேறும். ஆகவே எஞ்சினோடு 180-இன் கார்புரேட்டரையும் மாற்றுங்கள். சவ்வு, பெட்ரோல் டியூப், டேங்க் ஃபில்டர் மூன்றும் புதிதாக இருக்கட்டும்.

இன்று பம்புகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலும் கவனிக்க வேண்டியது. எத்தனால் எரிய குறைந்த காற்றே வேண்டும். அதனால் பழைய அளவிலேயே விட்டால் கலவை மெலிந்துவிடும். பெரும்பாலான செயின்சா தயாரிப்பாளர்கள் அனுமதிப்பது 10 சதவீத எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊதச் செய்யும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானே அணையும்வரை ஓட விடுங்கள். ஜாசோ எஃப்.டி. தரத்து ஆயில் என்றால், தயாரிப்பாளர் 50-க்கு 1 என்று சொல்லும் மாடலுக்கு லிட்டருக்கு 20 மி.லி.; 25-க்கு 1 கேட்கும் சீன மாடல்களுக்கு 40 மி.லி.

ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றழுத்தம் ஐந்தாறு சதவீதம் குறைவு. சென்னையில் டியூன் செய்த மிஷின் இங்கே கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும், ஆபத்தில்லை. சைனிக்புரியில் டியூன் செய்ததைத் தஞ்சாவூர்த் தோப்புக்கு எடுத்துப் போனால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஊருக்கு எடுத்துப் போனால் அங்கே மறுபடி சரிசெய்த பிறகே மரத்தில் வையுங்கள். ‘எச்’ திருகு உள்ள கார்புரேட்டரில், வெறுமனே முழு வேகம் கொடுக்கும்போது சத்தம் தடதடவென்று உடைந்து, மரத்தில் அழுத்தியதும் தெளிவாக வேண்டும். வெறுமனே ஓடும்போதே கூர்மையாகக் கத்தினால் பெட்ரோல் குறைவு. திருகைச் சற்று திறங்கள்.

ஓட்டிப் பழக்குவது

முதல் மூன்று டேங்க் தீரும்வரை சுமையில்லாமல் முழு வேகம் கொடுக்காதீர்கள். மெல்லிய கிளைகளை அறுங்கள். குளிர்ந்த பின் எல்லாத் திருகுகளையும் ஒருமுறை பாருங்கள். ஐடிலில் செயின் நகரக் கூடாது. நகர்ந்தால் ஐடிலைக் குறையுங்கள். முன் கைக்காப்பைத் தள்ளி, செயின் பிரேக் அந்த நொடியே நிறுத்துகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். எஞ்சினுக்கு உயிர் வந்திருக்கிறது. அதைப் பிடிப்பவருக்குக் காயம் வரக் கூடாது. காற்றில் முறிந்த கிளையை அகற்றுவது வேறு, நிற்கும் மரத்தை வெட்டுவது வேறு. பின்னதற்கு தெலங்கானாவின் நீர், நிலம், மரங்கள் சட்டம் 2002-இன்படி அனுமதி பெற வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. இனி இந்த மிஷினின் உடலில் இருக்கும் பெயர் உள்ளே இருப்பதைச் சொல்லாது. பெயின்ட் பேனாவால் ஏர் ஃபில்டர் மூடியின் உட்பக்கம் எழுதி வையுங்கள்: “உடல் 170; எஞ்சின், கார்புரேட்டர் 180; துளை 38; பின் 10 மி.மீ.” என்று நீங்கள் அளந்தபடி, மாற்றிய மாதமும் வருடமும் சேர்த்து. அடுத்த முறை இதைத் திறப்பவர் உங்கள் பிள்ளையாக இருந்தாலும் முன்பின் தெரியாத மெக்கானிக்காக இருந்தாலும், சரியான உதிரியை முதல் தடவையே வாங்குவார்.